வங்கக் கடலுக்குள் ஓர் ஆறு

கொல்லிமலையில் ஐப்பசி மழை வலுத்தால் ஆகாய கங்கை அருவியின் இரைச்சல் தூரத்துக்குக் கேட்கும். அங்கிருந்து இறங்கும் ஐயாறு புளியஞ்சோலையைத் தாண்டி, முசிறிப் பக்கம் காவிரியில் சேர்கிறது. வெள்ளக் காலத்தில் அந்த நீர் பூம்புகாரில் கடலைத் தொடும்போது, கரையோரக் கடலும் தெற்கு நோக்கி ஓடிக்கொண்டிருக்கும். மீனவர் சொல்லில் அது வாநீவாடு. மாசி, பங்குனியில் ஓட்டம் வடக்கே திரும்பிவிடும், அது சோநீவாடு. மூன்று பக்கம் நிலம் சூழ்ந்த வங்கக் கடலில் பருவக்காற்று மாறமாற நீரும் திசை மாறுகிறது.

வலை விடுகிறவர்களுக்கு இது அன்றாடப் பாடம். ஏட்டில் ஏறியது கப்பல்காரர்களால். திசையையும் வேகத்தையும் வைத்துக் கப்பல் எங்கே இருக்க வேண்டும் என்று மாலுமி கணக்குப் போடுவார். பிறகு சூரியனைப் பார்த்து உண்மையில் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பார். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் நீரோட்டத்தின் இழுப்பு. இளவயதில் பாக் நீரிணைப் பகுதியை அளந்த ஜேம்ஸ் ரென்னல், பின்னாளில் இத்தகைய குறிப்புகளைத் திரட்டி அட்லாண்டிக் நீரோட்டங்களை ஆராய்ந்தார். அந்த நூல் அவர் மறைந்த பின் 1832-ல் வெளிவந்தது. இந்தியப் பெருங்கடலுக்கு 1854 முதல் 1974 வரையிலான கப்பல் குறிப்புகளைத் தொகுத்து, ஆய்வாளர்கள் கட்லரும் ஸ்வாலோவும் 1984-ல் நீரோட்ட வரைபடங்களை வெளியிட்டனர். பெரும் உழைப்பு அது. ஆனால் நூற்றாண்டுக்கும் மேலான சராசரியில் ஒவ்வோர் ஆண்டின் தனிக்குணமும் கரைந்துவிடுகிறது.

அந்தக் குறையைத் தீர்ப்பதில் மீனவர்களின் கையும் இருக்கிறது. 2005 மே முதல் தேசியக் கடலியல் நிறுவனத்துக்காக இந்தியக் கரையில் எட்டு இடங்களில், ஐந்து நாளுக்கு ஒருமுறை, முழங்கால் அளவுத் தண்ணீரில் நின்று அவர்கள் கடல்நீர் பிடித்துக் கொடுத்தார்கள். அதன் உப்பை அளந்தபோது ஓர் ஆறே தெரிந்தது. தென்மேற்குப் பருவமழை முடிகையில் வடக்கே தேங்கும் ஆற்றுநீர், சுமார் 100 கிலோமீட்டர் அகலத்தில் கரையை ஒட்டி இறங்கி, இரண்டரை மாதத்தில் தென்முனைக்கு வந்துவிடுகிறது. 2014-ல் வெளியான இந்த ஆய்வை மீனவர் வீடு ஒவ்வொன்றுக்கும் கொண்டுபோய்ச் சேர்த்திருக்க வேண்டும்.

எல்லா ஆண்டும் இந்த ஆறு ஒரே வேகத்தில் வருவதில்லை. இந்தியப் பெருங்கடலின் மேற்குப் பக்கம் சூடேறி, சுமத்ரா பக்கம் குளிரும் ஆண்டுகளில் தெற்கு நோக்கிய ஓட்டம் தளர்ந்துவிடுகிறது. 1997 அப்படிப்பட்ட ஆண்டு. கடல்மட்டத்தைத் துல்லியமாக அளக்கும் டோபெக்ஸ்-போசைடன் செயற்கைக்கோள் 1992-லேயே ஏவப்பட்டிருந்ததால் அந்த மாற்றத்தை நேரடியாகவே தொடர முடிந்தது. செயற்கைக்கோள் வருவதற்கு முந்தைய ஆண்டுகளுக்கு மாலுமிகளின் பழைய குறிப்பேடுகள் இன்றும் உதவுகின்றன.