தோலுரிக்கும் சிலந்தி

பாம்பு சட்டை உரிப்பதை அறியாத தமிழர் இலர். பொருநராற்றுப்படை நுண்ணிய ஆடைக்குப் பாம்பின் உரியையே உவமையாகக் கூறுகிறது. சிலந்தியும் நம் இலக்கியத்துக்குப் புதியதன்று. திருவானைக்காவில் இறைவனுக்கு வலையால் மேற்கட்டி அமைத்த சிலந்தியே கோச்செங்கட் சோழனாகப் பிறந்தது என்னும் வரலாற்றைப் பெரியபுராணம் உரைக்கிறது. ஆயினும், சிலந்தியும் பாம்பைப் போலச் சட்டை உரிக்கும் என்பதும், அதுவே அதன் வாழ்வில் பெருங்கண்டம் என்பதும் பலர் கருதிப் பாராத செய்திகள். டாரண்டுலா எனப்படும் பெருஞ்சிலந்திகளை வீட்டில் வைத்து வளர்ப்போர் உலகெங்கும் உள்ள இந்நாளில், இளங்குஞ்சுகள் தோலுரிக்கும்போது இறந்துபடுவது அவர்களுக்கு நேரும் பெருந்துன்பமாகும். அதன் காரணத்தை மனிதன் படிப்படியாக அறிந்த வரலாற்றை ஈண்டுக் காண்போம்.

பெயரும் பழக்கமும்

டாரண்டுலா என்னும் பெயர் இத்தாலி நாட்டு டாரண்டோ நகரால் வந்தது. அங்கே அப்பெயர் பெற்றிருந்தது ஓநாய்ச் சிலந்தி வகையைச் சேர்ந்த வேறொரு சிலந்தி. அதன் கடியால் வரும் நோய், ஓயாது ஆடினால்தான் தீரும் என்று மக்கள் நம்பினர். பின்னர் ஐரோப்பியர் அமெரிக்காவில் மயிரடர்ந்த பெருஞ்சிலந்திகளைக் கண்டபோது, பழகிய பெயரையே அவற்றுக்கும் இட்டு வழங்கினர்.

இவற்றை வளர்த்து விளையாடும் பழக்கத்துக்குப் பழைய சான்று ஒன்று உண்டு. ஹென்றி வால்டர் பேட்ஸ் என்னும் இயற்கையறிஞர் 1863இல் வெளியிட்ட அமேசான் நூலில், பழங்குடிச் சிறுவர் இத்தகைய சிலந்தி ஒன்றின் இடையில் கயிறு கட்டி, நாயை நடத்துவது போல வீட்டுக்குள் நடத்தியதைக் குறித்துள்ளார்.

பத்துமலைச் சிலந்தி

இவற்றின் தொல்குடி உறவு ஒன்றைக் காண நாம் அமேசானுக்குச் செல்ல வேண்டுவதில்லை. 1892 முதல் தைப்பூச விழா நடைபெற்று வரும் பத்துமலையிலேயே காணலாம். அங்குள்ள குகைச் சிலந்தி ஒன்றை எச். சி. ஆபிரகாம் என்பார் 1923இல் லண்டன் விலங்கியல் கழக ஏட்டில் புதிய இனமாக விளக்கி, லிபிஸ்டியஸ் பட்டுயென்சிஸ் என்று பெயரிட்டார். இரண்டாம் சொல் பத்துமலையைக் குறிப்பதே. குகைச் சுவரில் வளையமைத்து, பட்டினால் மூடி செய்து, வாயிலிலிருந்து இழைகளைப் பரப்பி, இரையின் வரவை அவ்விழைகளால் உணர்ந்து பாய்வது இதன் இயல்பு. இதன் வயிற்றின் மேற்புறத்தில் கண்டம் கண்டமாகத் தட்டுகள் தோன்றும். ஏனைய சிலந்திகள் இழந்துவிட்ட தொன்மைக் குறி இது. 1924இல் ஆபிரகாம் நீலமும் ஊதாவும் கலந்த கால்களையுடைய மலாயாப் பெருஞ்சிலந்தி ஒன்றையும் விளக்கினார். அது உண்மையான டாரண்டுலாக் குடும்பத்தது.

இவ்விரு பிரிவுக்கும் பொதுவான இயல்பு ஒன்று உண்டு. நாம் வீட்டில் காணும் சிலந்திகளுள் பெரும்பாலானவை பருவம் எய்தியபின் தோலுரிப்பதில்லை. இவற்றின் பெண்களோ பருவம் எய்திய பின்னரும் வாழ்நாள் முழுதும் உரித்துக்கொண்டே இருக்கும். அர்க்கன்சாஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் வில்லியம் பேயர்க் டாரண்டுலாக்களைப் பல ஆண்டுகள் வளர்த்து ஆராய்ந்து, 1958இல் தனி நூலே வெளியிட்டார். பெண் சிலந்தி இருபது ஆண்டுகளுக்கு மேலும் வாழ வல்லது. ஆகவே கண்டமும் ஒன்றன்று, பலவாகும். வளர்ந்த பெண் ஏறத்தாழ ஆண்டுக்கொரு முறை உரிக்க, விரைந்து வளரும் குஞ்சு ஆண்டிற் பல முறை உரிக்கிறது.

தொடங்குவது எது?

சிலந்தியின் உடலைத் தாங்குவது உள்ளெலும்பன்று, புறத்தோடே. அது விரியாது. ஆதலின், வளர வேண்டுமாயின் பழைய தோட்டின் அடியில் புதிய தோலை உருவாக்கி, பழையதைக் கழற்ற வேண்டும். மேல்தோல் மட்டும் அன்று, உணவுறிஞ்சும் இரைப்பையின் உட்பூச்சும், புத்தக நுரையீரலின் உறையும் உடன் கழலுகின்றன.

இதனைத் தொடங்கி வைப்பது எது என்னும் வினாவுக்கு 1954இல் விடை கிடைத்தது. செருமானிய அறிஞர்களான பூட்டெனாண்டும் கார்ல்சனும் 500 கிலோகிராம் பட்டுப்புழுக் கூட்டுப்புழுக்களிலிருந்து 25 மில்லிகிராம் அளவே ஆன ஒரு ஹார்மோனைப் பிரித்தெடுத்தனர். எக்டைசோன் எனப்படும் அப்பொருளின் இனமே சிலந்தியின் தோலுரிப்பையும் ஏவுகிறது. நாம் காணும் நாளுக்கு முன்னரே, உடலுக்குள் வேலை தொடங்கி விடுகிறது என்பது இதனால் விளங்கும். இரையை மறுத்தலும், மயிருதிர்ந்த வயிறு கருமை கொள்ளுதலும் அதன் புற அடையாளங்கள்.

திறப்பது எது?

தோட்டைத் திறக்கும் ஆற்றல் எங்கிருந்து வருகிறது? சிலந்தியின் காலில் முக்கியமான இரு மூட்டுகளுக்கு மடக்கும் தசை உண்டு, நீட்டும் தசை இல்லை. உடல்நீரின் அழுத்தத்தாலேயே அம்மூட்டுகள் நீள்கின்றன. பாரி, பிரௌன் என்னும் இருவர் 1959இல் அவ்வழுத்தத்தை அளந்து காட்டினர். இறந்த சிலந்தியின் கால்கள் உட்புறமாக மடங்கிக் கிடப்பதும் இதனாலேதான்: அழுத்தம் போயிற்று, மடக்கும் தசையின் நிலையே எஞ்சிற்று.

தோலுரிப்பிலும் இதே நீரே கருவி. இதயம் விரைந்து துடித்து, வயிற்றிலுள்ள நீரை முன்னுடலுக்குச் செலுத்துகிறது. அழுத்தம் மிகுந்து, தலைத் தோடு விளிம்பில் வெடித்து, மூடியைப் போல எழுகிறது. பின்னர் வயிற்றுத் தோல் கழல்கிறது. கால்களை ஒவ்வோர் உறையிலிருந்தும் உருவி எடுப்பதே நெடுநேரம் பிடிப்பதும் இடர் மிக்கதும் ஆகும்.

இனிக் குஞ்சுகளின் சாவுக்குக் காரணம் கூறுதல் எளிது. உடலில் நீர் குறைந்த குஞ்சுக்குப் போதிய அழுத்தம் எழாது, கால்கள் உறையில் சிக்கும். சிற்றுடல் விரைவில் உலர்வதால் பெரியவற்றினும் குஞ்சுக்கே இடர் மிகுதி. துன்பம் தோன்றுவது உரிக்கும் நாளில், காரணம் விளைவது அதற்கு முந்திய நாட்களில். இந்த ஒன்றை உணராமையாலேயே பலர் உரிக்கும் வேளையில் நீரைத் தெளித்துத் தெளித்துப் பயன் காணாது வருந்துகின்றனர்.

கம்போங் மேடான் முதல் கிள்ளான் வரை வெளிக்காற்றில் ஈரம் குறைவதில்லை. ஆனால் குளிர்சாதனம் ஓடும் அறையில் சிறு பெட்டியின் மண் விரைவில் உலர்ந்துவிடும். மண்ணின் ஒரு பகுதி எப்போதும் ஈரமாயிருக்கவும், குடிநீர் கிடைக்கவும் செய்தல் வேண்டும். காற்றுப் புகாமல் அடைத்துப் பூஞ்சை பிடிக்கவிடுதலும் தீது. மல்லாந்து கிடக்கும் குஞ்சை இறந்ததென்று எறிந்துவிடலாகாது. பெரும்பாலும் அது தோலுரிக்கும் கிடையே. அப்போது தொடுதலும், உயிருள்ள வெட்டுக்கிளியை உள்ளே விடுதலும் கேடு பயக்கும். வெண்ணிறமாக வெளிப்படும் நச்சுப்பற்கள் கறுத்து உரம் பெறும்வரை அது தன்னைக் காத்துக்கொள்ளவும் இயலாது. சிக்கிய காலைப் பிடித்திழுத்தால் மென்தோல் கிழிந்து உடல்நீர் வடிந்துவிடும். கால் ஒன்று போயினும் உயிர் தப்பலாம். நண்டினத்தில் இழந்த கால் மீண்டும் முளைப்பதை பிரெஞ்சு அறிஞர் ரெயோமூர் 1712இலேயே காட்டினார். சிலந்திக் குஞ்சுக்கும் அடுத்தடுத்த உரிப்புகளில் கால் வளரும்.

இது வளர்ப்போரின் தனித் துன்பம் மட்டும் அன்று. இறந்த ஒன்றுக்கு ஈடாகக் காட்டிலிருந்து மற்றொன்று பிடிக்கப்படுமாயின் இனமே குறையும். இராமேசுவரத்திலிருந்து 2004இல் விளக்கப்பட்டு, அங்குள்ள அனுமவிலாசம் கோயிலின் பெயரைத் தாங்கிய பெருஞ்சிலந்தியும், இந்தியாவிலும் இலங்கையிலும் மட்டுமே வாழும் அதன் இனத்தவை அனைத்தும் 2019இல் பன்னாட்டு வாணிகக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் சேர்க்கப்பட்டன. ஒரு குஞ்சை வளர்க்க முற்படுவோர், அது பிடிபட்டதா, வளர்ப்பிடத்தில் பிறந்ததா என்பதை முதலில் கேட்டறிதல் வேண்டும். அடுத்து, அதன் தண்ணீர்க் கிண்ணம் வற்றாதிருக்கிறதா என்பதை நாள்தோறும் பார்த்தல் வேண்டும்.