வெற்றிடம்

வெறுமை + இடம். 'மை' கெட்டு, றகரம் இரட்டித்து வெற்றிடம் ஆயிற்று. வெற்றிலைக்கும் இதே புணர்ச்சிதான். ஆலையில் வெற்றிடம் என்ற சொல் முழு வெறுமையைக் குறிப்பதில்லை. காற்றழுத்தம் இயல்புக்குக் கீழே இறங்கினாலே வெற்றிடம். அதை அளக்கும் அலகு டார்; காற்றழுத்தத்தைப் பாதரசக் குழாயால் சோதித்த டாரிசெல்லியின் பெயரிலிருந்து அது வந்தது. 760 டார் ஒரு வளிமண்டல அழுத்தம்.

காகித ஆலையில் ஈரத்தாளிலிருந்து நீரை உறிஞ்ச நீர்வளையப் பம்பு போதும். மையம் விலகிச் சுழலும் இறக்கைகள் நீரைச் சுவரோரம் வளையமாக வீசும். இடையே விரிந்து சுருங்கும் அறைகள் காற்றை இழுத்து வெளித்தள்ளும். ஈரம் கலந்து வந்தாலும் கேடில்லை. இவ்வளவு பொறுமையான பம்பு அரிது. ஆனால் இன்னும் ஆழ்ந்த வெற்றிடம் கேட்கும் சிப் தயாரிப்புக்கு டர்போ பம்பு வேண்டும். அதுவோ தனித்து ஓடாது. அழுத்தத்தை முதலில் இறக்கித்தர இன்னொரு பம்பு பின்னால் இருந்தாக வேண்டும்.