சொல்லும் காவலும்

போருக்கும் வரம்பு உண்டு என்பதை 1949ஆம் ஆண்டின் நான்கு ஜெனீவா உடன்படிக்கைகள் எழுத்தில் நிறுத்தின. காயமுற்றோரையும் சிறைப்பட்டோரையும் ஆயுதம் ஏந்தாத குடிமக்களையும் கொல்லலாகாது என்பது அவற்றின் சாரம். ஆயின், வரம்பு மீறுவோரைத் தடுக்கும் காவலனை அவை படைக்கவில்லை. அப்பொறுப்பை நாடுகளிடமே விட்டன. அந்த இடைவெளியை ஐக்கிய நாடுகள் பாதுகாப்புச் சபை நிரப்ப வல்லதா என்னும் வினாவுக்குப் பொஸ்னியப் போர் இருவேறு விடைகளைத் தந்தது.

1993 ஏப்ரல் 16 அன்று சபையின் 819ஆம் தீர்மானம், பொஸ்னிய செர்பியப் படைகள் முற்றுகையிட்டிருந்த ஸ்ரெப்ரெனிட்சாவைப் 'பாதுகாப்பான பகுதி' என அறிவித்தது. அடுத்த மாதம் வேறு ஐந்து நகரங்களும் அவ்வாறே அறிவிக்கப்பட்டன. இவற்றைக் காக்க ஏறத்தாழ 34,000 வீரர் வேண்டுமெனக் கணிக்கப்பட்டது. சபை இசைந்ததோ 7,600 பேருக்கே. 1995 ஜூலை 11 அன்று ராட்கோ மிலாடிச்சின் படை ஸ்ரெப்ரெனிட்சாவுள் புகுந்தது. காவலுக்கு நின்ற சில நூறு டச்சு வீரர்களால் நகரைக் காக்க இயலவில்லை. அடுத்த சில நாள்களில் 8,000க்கும் மேற்பட்ட ஆண்களும் சிறுவர்களும் கொல்லப்பட்டனர். சபையின் சொல் அங்கே வெறும் சொல்லாகவே நின்றது.

அதே சபைதான் 1993 மே 25 அன்று, 827ஆம் தீர்மானத்தின் வழி, முன்னாள் யூகோஸ்லாவியாவுக்கான தீர்ப்பாயத்தை நிறுவியது. அது ஹேக் நகரில் அமைந்தது. ஐ.நா. சாசனத்தின் ஏழாம் அத்தியாயத்தின்கீழ் பிறந்தமையால், அதனுடன் ஒத்துழைப்பது உறுப்பு நாடுகளின் கடமையாயிற்று. எனினும் அதற்கென்று சொந்தக் காவற்படை இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் இடம் நாடிய செர்பியாவுக்கு நெருக்குதல் கூடிய பின்னரே, 2011இல் மிலாடிச் பிடிபட்டார். 2017இல் அவருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது; 2021இல் மேல்முறையீட்டிலும் அது உறுதியாயிற்று. தீர்ப்பாயம் குற்றஞ்சாட்டிய 161 பேரில் எவரும் தலைமறைவாக எஞ்சவில்லை.

இவ்வழி எல்லோருக்கும் திறந்திருக்கவில்லை. 2014 மே 22 அன்று சிரியக் கொடுமைகளைச் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்திடம் ஒப்படைக்கும் தீர்மானத்தைப் பதின்மூன்று நாடுகள் ஆதரித்தும், ரஷ்யாவும் சீனாவும் வீட்டோ அதிகாரத்தால் வீழ்த்தின. வல்லரசுகளின் இசைவு உள்ள இடத்தில் மட்டுமே சபையின் நீதி நடந்தது.

எனினும், ஹேக்கின் உழைப்பு வீணன்று. கொலையை மறைக்க இயந்திரங்களால் புதைகுழிகளைப் பெயர்த்து வேறிடங்களில் புதைத்தனர். மரபணுச் சோதனை ஏறத்தாழ 7,000 பேரின் பெயர்களை மீட்டுத் தந்தது. நடந்தது இனப்படுகொலையே என 2004இல் மேல்முறையீட்டு அமர்வு உறுதிசெய்தது. மாண்டோரை அத்தீர்ப்பு மீட்கவில்லை. அவர்களின் மரணத்தைப் பொய்யென்போர்க்கு எதிராக நிலைத்த சான்றை விட்டுச்சென்றது. காவலாக முன்னே வந்திருக்க வேண்டிய சொல், சாட்சியாகப் பின்னே வந்தது.