முதல் கதாநாயகி என்ற மறதி

மீன்சுருட்டிக் கடைத்தெருவில் பஸ்ஸுக்காக நின்றபடி நண்பர் ஒருவருடன் பேசிக்கொண்டிருந்தேன். பேச்சு பழைய சினிமாவுக்குத் திரும்பியது. டி.பி. ராஜலக்ஷ்மியின் பெயரைச் சொன்னதும், 'முதல் கதாநாயகிதானே?' என்றார். அதற்குமேல் பேச்சு நகரவில்லை. நிறையப் படித்தவர் அவர். குறை சொல்வதற்கில்லை, நம்மில் பலருக்கும் தெரிந்தது அந்த இரண்டு சொற்கள்தான். ஒருவரை மறப்பதற்கு இப்படியும் ஒரு வழி உண்டு: பட்டம் ஒன்றைக் கொடுத்துவிட்டு மேற்கொண்டு எதுவும் கேட்காமல் இருந்துவிடுவது.

மீன்சுருட்டியிலிருந்து கொள்ளிடத்தைக் கடந்து கும்பகோணம் வழியாகப் போனால் திருவையாறு. ராஜலக்ஷ்மி 1911இல் பிறந்தது அங்கேதான். சிறு பிராயத்தில் கல்யாணம், அது நிலைக்கவில்லை. தகப்பனார் இறந்தபின் பிழைப்புக்காக நாடகக் கம்பெனியில் சேர்ந்தார். பிராமணக் குடும்பத்துப் பெண் மேடையேறுவது அன்று லேசான காரியமல்ல. பிறகு மௌனப்படம். 1931 அக்டோபர் 31இல் சென்னை கினிமா சென்ட்ரலில், எச்.எம். ரெட்டி இயக்கிய 'காளிதாஸ்' திரையிடப்பட்டது. அதில் அவர் தமிழில் பேச, கதாநாயகன் தெலுங்கில் பதில் சொன்னார். காளிதாசன் கதைக்கு எந்தச் சம்பந்தமும் இல்லாமல் காந்தியின் ராட்டையைப் பற்றிய பாட்டு ஒன்றையும் பாடினார். எழுதியவர் மதுரை பாஸ்கரதாஸ். சரித்திரக்காரர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில் மாலை போட்டுவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விடுகிறார்கள்.

ஆனால் முக்கியமான விஷயம் இதற்குப் பிறகுதான் நடந்தது. 'கமலவல்லி' என்று தாமே எழுதிய நாவலை 1936இல் அவர் 'மிஸ் கமலா' என்ற படமாக்கினார். கதை, தயாரிப்பு, இயக்கம், பிரதான வேஷம் எல்லாம் அவருடையவை. பின்னர் 'மதுரை வீரன்' படத்தையும் இயக்கினார். பம்பாயில் 1926இலேயே ஃபாத்மா பேகம் படம் இயக்கியிருக்கிறார். பாரிஸில் 1896இல் ஆலிஸ் கீ. அந்த ஆலிஸ் கீயே தம் படங்கள் பிறர் பெயரில் பதிவாகியிருப்பதைத் திருத்தச் சொல்லி முதுமையில் போராட வேண்டியிருந்தது. தென்னிந்தியாவில் இந்த வரிசையைத் தொடங்கிவைத்தவர் ராஜலக்ஷ்மி.

'மணிக்கொடி' 1933இல் தொடங்கியது. புதிய எழுத்து பற்றிய பிரக்ஞை கூர்மை பெற்ற அதே வருஷங்களில், ஒரு பெண் நாவல் எழுதி, அதைத் தம் கைப்பொறுப்பில் படமாகவும் மாற்றியிருக்கிறார். நம் இலக்கிய விமர்சனம் இதைக் கவனித்ததா? சினிமாக்காரி எழுதியது என்று இலக்கியமும், நடிகை எடுத்தது என்று சினிமாவும் அவரை ஒதுக்கிவிட்டன. வியாபார சினிமாவின் மீது நமக்கிருந்த வெறுப்பு பெரும்பாலும் நியாயமானதுதான். ஆனால் வெறுப்பு கவனமின்மைக்குச் சாக்காகிவிட்டது. அந்தப் பொறுப்பில் சிறு பத்திரிகைகளுக்கும் பங்கு உண்டு.

இன்று 'காளிதாஸ்' பிரதி இல்லை. 'மிஸ் கமலா'வும் இல்லை. அந்தக் கால நைட்ரேட் பிலிம் எளிதில் தீப்பற்றும். சும்மா வைத்திருந்தாலும் நாளடைவில் சிதைந்துபோகும். ஓடி முடிந்த படத்தை வெள்ளிக்காக உருக்கியதும் உண்டு. புனேயில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் தொடங்கியது 1964இல். ராஜலக்ஷ்மி இறந்ததும் அதே வருஷம், ஆகஸ்ட் 20 அன்று.

மீன்சுருட்டிக்குப் பக்கத்தில் கங்கைகொண்டசோழபுரம். அதைக் கட்டிய ராஜேந்திரனின் தகப்பன் ராஜராஜன், தஞ்சைக் கோயிலில் ஆடுவதற்கு நானூறு பெண்களைக் குடியேற்றினான். ஒவ்வொருத்தியின் பெயரும், தெருவும், வீட்டு வரிசை எண்ணும் 1014ஆம் ஆண்டுக் கல்வெட்டில் இருக்கின்றன. அவர்கள் ஆடிய ஆட்டம் போய்விட்டது. ஆனாலும் ஆடியவர் யார் என்று கல் சொல்கிறது. ராஜலக்ஷ்மி விஷயத்தில் நாம் அந்த அளவுகூடச் செய்யவில்லை. படத்தை இனி மீட்க முடியாமல் போகலாம். பழைய பத்திரிகை விளம்பரங்கள், பாட்டுப் புத்தகங்கள், அவருடைய நாவல்கள் இவற்றைத் தேடிச் சேர்த்துப் படிக்க முடியும். 'முதல்' என்ற அடைமொழியைக் கொஞ்ச காலம் ஒதுக்கி வைத்துவிட்டு அவர் என்ன எழுதினார், எதைப் படமாக எடுக்க விரும்பினார் என்று கேட்க முடியும்.

பஸ் வந்துவிட்டது. ஏறும்போது நண்பர் கேட்டார்: 'அந்த நாவல் எங்கே கிடைக்கும்?'