ஷார்கூட்டரி பலகை: வருவோர் எல்லாரும் சாப்பிடும்படி அடுக்குவது எப்படி?

சனிக்கிழமை மாலை. எட்டு நண்பர்கள் வீட்டுக்கு வருகிறார்கள். சமைக்க நேரமில்லை. பீட்சாவும் அலுத்துவிட்டது. சமூக ஊடகத்தில் பார்த்த அந்த மரப்பலகை நினைவுக்கு வருகிறது. மெல்லிய இறைச்சித் துண்டுகள், சீஸ், பழம், பருப்பு வகைகள்... "அடுப்பே பத்தவைக்க வேணாம், அடுக்கி வச்சாப் போதும்!"

கொஞ்சம் பொறுங்கள்.

அந்த எட்டுப் பேரில் ஒருவர் முஸ்லிம். ஒருவர் மாட்டிறைச்சி தொடமாட்டார். ஒருவர் சைவம். இன்னொருவர் ஐந்து மாதக் கர்ப்பிணி. படத்தில் பார்த்ததை அப்படியே வைத்தால் இவர்கள் எதைச் சாப்பிடுவார்கள்? "பசிக்கல, பரவாயில்ல" என்று சொல்லிவிட்டு ஓரமாக உட்கார்ந்திருப்பார்கள். உங்களுக்கும் சங்கடம், அவர்களுக்கும் சங்கடம்.

எல்லாரும் கை நீட்டிச் சாப்பிடும் பலகையை எப்படித் தயாரிக்கலாம்? பார்ப்போம்.

ஷார்கூட்டரி என்றால் என்ன?

இது பிரெஞ்சுச் சொல். 'இறைச்சி', 'சமைத்தது' என்ற இரண்டு சொற்கள் சேர்ந்து உருவானது. குளிர்பதனப் பெட்டி இல்லாத காலத்தில் இறைச்சி கெடாமல் இருக்க அதை உப்பிட்டார்கள், உலர்த்தினார்கள், புகையூட்டினார்கள். பிரான்சில் அப்படிச் செய்து விற்ற கடைகளுக்கும் அதே பெயர்தான். பெரும்பாலும் பன்றி இறைச்சியே அங்கு விற்கப்பட்டது.

உப்பு இறைச்சியிலுள்ள ஈரத்தை இழுத்துவிடும். ஈரம் குறைந்தால் கிருமிகள் பெருகுவது கடினம். அதனால்தான் இத்தாலியின் புரோஷூட்டோ, சலாமி போன்றவை நீண்ட நாள் தாங்குகின்றன.

இன்று சீஸ், ரொட்டி, பழம், ஊறுகாய் எல்லாம் சேர்ந்ததையே ஷார்கூட்டரி பலகை என்கிறோம்.

முதல் வேலை என்ன?

கடைக்குப் போவதல்ல. ஒரு குறுஞ்செய்தி அனுப்புவது.

"சனிக்கிழமை வர்றீங்கல்ல? சாப்பிட முடியாதது, ஒத்துக்காதது ஏதாவது இருந்தா சொல்லுங்க."

இவ்வளவு போதும். "நீங்க ஹலால் மட்டும்தானா?" என்று ஒருவரை மட்டும் தனியாகக் கேட்பதைவிட எல்லாருக்கும் ஒரே கேள்வியை அனுப்புவது நல்லது. யாருக்கும் தான் மட்டும் தொந்தரவு கொடுப்பதாகத் தோன்றாது. நீங்கள் யோசிக்காத பதிலும் வரலாம். ஒருவருக்கு நிலக்கடலை ஒத்துக்கொள்ளாது. இன்னொருவர் புரட்டாசி விரதத்தில் இருப்பார்.

ஒரே பலகை போதுமா?

போதாது. பல கைகள் படும் பலகையில் பக்கத்தில் இருக்கும் உணவு ஒன்றோடொன்று கலக்கும். பன்றி இறைச்சியைத் தொட்ட இடுக்கியே அடுத்து சீஸையும் தொடும்.

இரண்டு வழிகள் உண்டு.

• எளிய வழி: பன்றி இறைச்சியும் மாட்டிறைச்சியும் இல்லாத பலகை. ஹலால் முத்திரையுள்ள புகையூட்டிய வாத்து, வான்கோழி ஹேம், கோழி சலாமி போன்றவற்றை வாங்கலாம். சைவ உணவுக்கு மட்டும் தனித்தட்டு.

• மாட்டிறைச்சி வேண்டும் என்றால்: மூன்று தட்டுகள். சைவம் ஒன்று, கோழி அல்லது வாத்து ஒன்று, மாட்டிறைச்சி ஒன்று. ஒவ்வொன்றுக்கும் தனிக் கத்தி, தனி இடுக்கி.

பன்றி இறைச்சியைத் தள்ளி ஒரு தனித்தட்டில் வைத்தால் என்ன என்று கேட்கலாம். சில முஸ்லிம் நண்பர்கள் அதைப் பொருட்படுத்தமாட்டார்கள். சிலருக்கு ஒரே மேசையில் இருப்பதே சங்கடம். நீங்களாக ஊகிக்காதீர்கள். கேட்டுவிடுங்கள். அல்லது அன்று ஒரு நாள் அதைத் தவிர்த்துவிடுங்கள்.

வாங்கும்போது எதைப் பார்ப்பது?

ஹலால் உணவு வேண்டும் என்றால் சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றமான முயிஸின் முத்திரையைத் தேடுங்கள். மலேசியாவின் ஜாக்கிம் முத்திரையும் பேரங்காடிப் பொருள்களில் அடிக்கடி கண்ணில் படும்.

மூடி முத்திரையிட்ட பொட்டலமாகவே வாங்குங்கள். பேரங்காடியின் இறைச்சிப் பிரிவில் கண்ணெதிரே சீவித் தருவார்கள். ஆனால் அதே இயந்திரத்தில் சற்றுமுன் பன்றி இறைச்சியைச் சீவியிருக்கலாம்.

வீட்டிலுள்ள மரப்பலகையிலும் கவனம் தேவை. அதில் முன்பு பன்றி இறைச்சியை வெட்டியிருந்தால் வேறு தட்டு எடுங்கள். மரம் ஈரத்தையும் கொழுப்பையும் உறிஞ்சிக்கொள்ளும்.

கண்ணுக்குத் தெரியாமல் நுழைபவையும் உண்டு. சில கடுகுச் சாந்துகளில் வெள்ளை ஒயின் இருக்கும். ஈரல் பாத்தேயில் பிராந்தி சேர்ப்பதுண்டு. பொட்டலத்தின் பின்பக்கத்தை ஒருமுறை படித்துவிடுங்கள்.

சீஸ் சைவமா?

எப்போதும் அல்ல. பாலைத் திரிய வைக்க ரென்னெட் என்ற பொருளைச் சேர்ப்பார்கள். கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னெட் உண்டு. நுண்ணுயிரிகளிலிருந்து தயாரிக்கும் ரென்னெட்டும் உண்டு. இத்தாலியின் பார்மிஜானோ ரெஜ்ஜானோ சீஸில் கன்றின் ரென்னெட் கட்டாயம். ஆகவே அதைச் சைவத் தட்டில் வைக்காதீர்கள்.

சைவத் தட்டுக்கு என்ன வைக்கலாம்?

• சைவம் என்று குறிப்பிட்ட செடார் சீஸ்

• மிளகுத்தூள் தூவி லேசாக வாட்டிய பனீர்

• ஹம்மஸ், வறுத்த கொண்டைக்கடலை

• வெள்ளரி, கேரட், குடைமிளகாய்

• முறுக்கு, தட்டை. கிராக்கருக்குப் பதிலாக அருமையாகப் பொருந்தும்.

• அச்சார் அல்லது எலுமிச்சை ஊறுகாய். சீஸின் கொழுப்புச் சுவையைப் புளிப்பும் காரமும் சமன் செய்யும்.

சைவத் தட்டை மிச்சம்மீதியாகச் செய்யாதீர்கள். அதையே முதலில் அடுக்குங்கள். இறைச்சி சாப்பிடுபவர்களும் அதில்தான் அதிகம் கை வைப்பார்கள்.

எவ்வளவு வாங்க வேண்டும்?

இரவு உணவுக்கு முன் கொறிக்க என்றால் ஒருவருக்கு 50 கிராம் இறைச்சி, 50 கிராம் சீஸ் போதும். அதுவே இரவு உணவு என்றால் இரண்டு மடங்கு.

ஆள் எண்ணிக்கையைச் சரியாகப் பிரித்துக் கணக்கிடுங்கள். எட்டுப் பேரில் ஐந்து பேர்தான் இறைச்சி சாப்பிடுவார்கள் என்றால் 250 கிராம் போதும். 400 கிராம் தேவையில்லை. இறைச்சியும் சீஸும்தான் விலை அதிகம். மிச்சமாகும் பணத்தில் பழம் வாங்கலாம்.

எப்படி அடுக்குவது?

1. முதலில் கிண்ணங்கள். ஊறுகாய், ஹம்மஸ், ஜாம் ஆகியவற்றைத் தள்ளித் தள்ளி வையுங்கள்.

2. அடுத்து சீஸ். ஒரு பகுதியை முன்கூட்டியே வெட்டி வையுங்கள். முழுத் துண்டாக இருந்தால் பலர் வெட்டத் தயங்குவார்கள்.

3. பிறகு இறைச்சி. மடித்தோ சுருட்டியோ வைத்தால் எடுப்பது சுலபம்.

4. இடைவெளிகளில் திராட்சை, ஆப்பிள், அன்னாசி. வெட்டிய பழம் ஈரம் கசியும். கிராக்கரிலிருந்து விலக்கி வையுங்கள்.

5. முந்திரி, பாதாம், நிலக்கடலை எப்போதும் தனிக் கிண்ணத்தில்.

6. கடைசியாகப் பெயர்ச்சீட்டு. 'ஹலால்', 'சைவம்', 'கடலை உள்ளது' என்று எழுதி வைத்தால் யாரும் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

எவ்வளவு நேரம் வெளியே இருக்கலாம்?

ஐரோப்பாவின் குளிர்ந்த நிலவறையில் தாங்கிய உணவு நம்மூர் வெப்பத்தில் அப்படியே தாங்காது. 5 முதல் 60 டிகிரி செல்சியஸ் வரை கிருமிகள் வேகமாகப் பெருகும் வெப்பநிலை. நம் வரவேற்பறை, ஏர்கான் போட்டாலும் அதற்குள்தான் இருக்கிறது.

பலகையை வெளியே எடுத்ததிலிருந்து இரண்டு மணி நேரம். அதுதான் கணக்கு. வான்கோழி ஹேம், மென்மையான சீஸ், வெட்டிய பழம் ஆகியவற்றில் ஈரம் அதிகம் என்பதால் அவைதான் சீக்கிரம் கெடும்.

எல்லாவற்றையும் ஒரேயடியாக வைக்க வேண்டாம். பாதியை மூடிக் குளிர்பதனப் பெட்டியில் வைத்து, முதல் தட்டு காலியானதும் எடுங்கள். பழைய தட்டின் மேலேயே புதியதைக் கொட்டாதீர்கள். புதுத் தட்டில் வையுங்கள்.

கர்ப்பிணிகள் கவனிக்க வேண்டியது என்ன?

லிஸ்டீரியா என்ற கிருமி குளிர்பதனப் பெட்டிக்குள்ளும் வளரக்கூடியது. கர்ப்பிணிக்கு லேசான காய்ச்சல் போலத் தெரிந்தாலும் கருச்சிதைவு வரை கொண்டுபோகலாம். முதியவர்களும் நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களும் கவனமாக இருக்க வேண்டும்.

• தவிர்க்க வேண்டியவை: சூடாக்காத ஹேம், சலாமி, பாத்தே, புகையூட்டிய சால்மன், பிரீ, கமம்பேர், நீலப் பூஞ்சை சீஸ்.

• சாப்பிடக்கூடியவை: பாஸ்சுரைஸ் செய்த பாலில் தயாரித்த செடார் போன்ற கெட்டியான சீஸ், கழுவிய பழங்கள், ரொட்டி, ஆவி பறக்கச் சூடாக்கிய இறைச்சி.

தோழிக்காக வாத்துத் துண்டுகளைச் சட்டியில் நன்றாகச் சூடாக்கிச் சுடச்சுடக் கொடுங்கள். ஐந்து நிமிட வேலைதான்.

குழந்தைகளும் வருகிறார்களா? சிறு பிள்ளைகளுக்குத் திராட்சையை நீளவாக்கில் நான்காக வெட்டுங்கள். முழுப் பழம் தொண்டையில் அடைக்கலாம். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தேன் கூடவே கூடாது.

அடிக்கடி சாப்பிடலாமா?

பதப்படுத்திய இறைச்சி புற்றுநோயை உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2015இல் வகைப்படுத்தியது. தினமும் 50 கிராம் சாப்பிடுபவர்களுக்குப் பெருங்குடல் புற்றுநோய் அபாயம் சுமார் 18 விழுக்காடு கூடுவதாக அது கூறியது. உப்பும் அதிகம்.

எப்போதாவது நடக்கும் ஒன்றுகூடலுக்குப் பயப்பட வேண்டாம். தினசரி காலை உணவாக்கிவிடாதீர்கள், அவ்வளவுதான்.

படத்துக்காக அடுக்கிய பலகை முதல் ஐந்து நிமிடம்தான் அழகாக இருக்கும். அப்புறம் எல்லாரும் கை வைத்துக் கலைத்துவிடுவார்கள். எட்டுப் பேரும் சேர்ந்து கலைத்திருந்தால் நீங்கள் சரியாகத்தான் அடுக்கியிருக்கிறீர்கள்.

அந்தக் குறுஞ்செய்தியை இன்றே அனுப்பிவிடுங்கள்!