கறுப்புத் திரையும் தமிழ்க் கடிதமும்

1995 ஆகஸ்ட் 15 அன்று விஎஸ்என்எல் பொதுமக்களுக்கு இணையம் கொடுத்தபோது இரண்டு வகைக் கணக்கு இருந்தது. படம், ஜன்னல் எல்லாம் வரும் டிசிபி/ஐபி கணக்குக்கு 15,000 ரூபாய். வெறும் எழுத்து மட்டும் வரும் ஷெல் கணக்குக்கு 5,000. (பேங்க்காரன் புத்தி, விலைதான் முதலில் ஞாபகம் வருகிறது!)

ஷெல்லில் கடிதம் நம் கணினிக்கு வராது. விஎஸ்என்எல்லின் யூனிக்ஸ் கணினியில் கிடக்கும். போன் வழியாக எட்டி, கறுப்புத் திரையில் பைன் மென்பொருளில் படிக்க வேண்டும். பதிலுக்கு யோசித்தாலும் மீட்டர் ஓடும். செய்திக் குழுக்களும் அப்படியே. தமிழர் கூடிய சோக்.கல்ச்சர்.தமிழ் குழுவில்கூட தமிழை ஆங்கில எழுத்தில்தான் அடித்தார்கள்.

விண்டோஸில் யூடோரா மாதிரி மென்பொருள் இருந்தால் கடிதங்களை இறக்கிக்கொண்டு போனை வைத்துவிடலாம். நிதானமாகப் பதில் எழுதி, மறுபடி இணைத்து அனுப்பலாம். காசு மிச்சம்தான். ஆனால் என்னைக் கேட்டால் அதைவிடப் பெரிய லாபம், அங்கே எழுத்துருவை மாற்ற முடிந்தது. மலேசியாவின் முத்து நெடுமாறன் செய்த முரசு அஞ்சலில் அடித்தால் திரையில் தமிழே விழுந்தது. வாங்குபவரிடமும் அதே எழுத்துரு வேண்டும், இல்லாவிட்டால் பூச்சி பூச்சியாகத் தெரியும். இந்தக் குழப்பத்துக்கு மருந்தாக வந்ததுதான் திஸ்கி. 256 இடங்களில் முதல் பாதி ஆங்கிலத்துக்கு, மறுபாதி தமிழுக்கு.

ஆனைக்கரையில் அம்மாவுக்குத் தமிழ் மட்டும்தான் படிக்கத் தெரியும். ஆங்கில எழுத்தில் நான் அனுப்பியதை நெட் கடைப் பையன்தான் உரக்க வாசித்துக் காட்டுவான், வீட்டுச் சண்டை உட்பட! திஸ்கியில் எழுத ஆரம்பித்த பிறகு அச்செடுத்து வீட்டுக்குக் கொண்டுபோய் அம்மாவே படித்தார்.