பனாமா கால்வாய்: கட்டடக்கலையும் அரசியலும்

பனாமா கால்வாயை ஒட்டி எழுந்த கட்டடங்களின் வரலாறு அதை ஆண்டவர்களின் வரலாறும்கூட. 1903இல் பனாமாவுடன் செய்த ஒப்பந்தத்தின்படி கால்வாயின் இருபுறமும் ஐந்து மைல் நிலம் அமெரிக்காவின் வசமானது. ‘கால்வாய் மண்டலம்’ எனப்பட்ட அப்பகுதியில் ஊதியமும் குடியிருப்பும் தங்கப் பட்டியல், வெள்ளிப் பட்டியல் என இரண்டாகப் பிரிந்திருந்தன. வெள்ளிப் பட்டியலில் இருந்தவர்களில் பெரும்பாலோர் மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து வந்த கறுப்பினத் தொழிலாளர்கள்.

1913இல் ஆய்வுக்கு வந்த சிற்பி டேனியல் செஸ்டர் ஃபிரெஞ்சும் நிலவடிவமைப்பாளர் ஓல்ம்ஸ்டெட்டும் கப்பல்களை ஏற்றி இறக்கும் நீரடைப்புகளுக்கு அலங்காரமே வேண்டாம் என்றனர். கான்கிரீட்டின் பிரம்மாண்டமே போதும் என்பது அவர்கள் கருத்து. பார்த்தவர்கள் அதை மறுக்கமாட்டார்கள். ஆடம்பரம் பால்போவா நகரின் நிர்வாகக் கட்டடத்துக்குப் போய்ச் சேர்ந்தது. 1914இல் முடிந்த இது, சிவப்பு ஓட்டுக் கூரையுடன் ஒரு மேட்டின் மீது நிற்கிறது. வட்டக்கூடத்தின் சுவரோவியங்கள் குலேப்ரா மலைவெட்டையும் நீரடைப்புக் கதவுகளின் கட்டுமானத்தையும் காட்டுகின்றன. முகப்புப் படிக்கட்டு இறங்கும் இடத்தில் தொடங்கும் பிராடோ சாலை, பழைய நீரடைப்பு அறையின் அகலமான 110 அடியைக் கொண்டதாக அமைக்கப்பட்டது.

1964 ஜனவரி 9 அன்று கால்வாய் மண்டலத்திலிருந்த பால்போவா உயர்நிலைப் பள்ளியில் பனாமா கொடியை ஏற்றுவது பற்றி எழுந்த தகராறு கலவரமாக மூண்டு, இருபதுக்கும் மேற்பட்ட பனாமியர் உயிரிழந்தனர். மண்டலத்தின் எல்லையோர ‘ஜூலை நான்கு’ சாலை பின்னர் ‘தியாகிகள் சாலை’ ஆனது. அதே பள்ளிக் கட்டடம் இன்று கால்வாய் ஆணையத்தின் பயிற்சி மையம். கலவரத்தில் கொல்லப்பட்ட மாணவர் அஸ்கானியோ அரோசெமெனாவின் பெயரைத் தாங்கியிருக்கிறது. உயிரிழந்தோர் பெயர் பொறித்த தூண்களின் நடுவே அணையா விளக்கு எரிகிறது.

பனாமாவின் தலைவர் டோரிஹோஸும் அமெரிக்க அதிபர் கார்ட்டரும் 1977இல் செய்த உடன்படிக்கைகளின்படி 1999 டிசம்பர் 31 அன்று கால்வாய் பனாமாவிடம் வந்தது. அமெரிக்காவின் கிளேட்டன் படைத்தளம் இடிக்கப்படாமல் ‘அறிவு நகரம்’ ஆயிற்று. அமடோர் படைத்தளப் பகுதியில் ஃபிராங்க் கெரி வடிவமைத்த பயோமூசியோ அருங்காட்சியகம், கசக்கிய காகிதம் போன்ற வண்ணக் கூரைகளுடன் 2014இல் திறக்கப்பட்டது. அருகே தீவுகளை இணைக்கும் கரைப்பாதை, கால்வாய்க்காக வெட்டிய பாறையையும் மண்ணையும் கொட்டி உருவானது.

2016இல் திறந்த புதிய நீரடைப்புகளின் ஒவ்வோர் அறையும் 427 மீட்டர் நீளம், 55 மீட்டர் அகலம். பழைய கதவுகள் இரட்டைக் கதவுபோல் திறப்பவை. புதியவை பக்கவாட்டில் நகர்பவை. ஒவ்வோர் அறைக்கும் பக்கத்தில் மூன்று சேமிப்புத் தொட்டிகள் உள்ளதால், ஒரு கப்பல் கடக்கத் தேவைப்படும் நீரில் அறுபது விழுக்காடு மீண்டும் பயன்படுகிறது.